'அத்தாய்' சாப்பிடறீங்களா?

நான் மதுரைக்காரன். டீயை எவ்வளவு உயரத்திலிருந்து ஆற்ற வேண்டும், நுரை எத்தனை அங்குலம் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு யாரும் டியூஷன் எடுக்க வேண்டியதில்லை என்று முப்பத்திநாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். 2024 ஏப்ரலில் ஒரு வாரம் மொராக்கோ போய் வந்ததில் அந்தக் கொழுப்பு கரைந்தது. கூடவே கையிலிருந்த காசில் ஒரு பகுதியும், நாக்கின் மேல்தோலும்!

கம்பெனி வேலையாக மூன்று வாரம் மாட்ரிட் போயிருந்தேன். நான் அக்கவுண்ட்ஸ் ஆசாமி. மற்றவர்கள் வெளிநாடு போனால் பிசினஸ் பிடிப்பார்கள். நான் போனால் பில் சரிபார்ப்பேன். ஆபீஸில் என் பட்டப்பெயரே 'டீ பில் எங்கே?' என்பதுதான். 'கிளையன்ட் மீட்டிங், எட்டு டீ' என்று யாராவது வவுச்சர் நீட்டினால், 'வந்தது நாலு பேர்தானே, எட்டு டீ எப்படி?' என்று சிவப்பு மசியில் எழுதித் திருப்பியனுப்புகிற புண்ணியவான் நான்தான். இதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

மாட்ரிட் வேலை முடிந்ததும் ஒரு வாரம் லீவு பாக்கியிருந்தது. ஸ்பெயினின் தெற்கு நுனிக்கும் மொராக்கோவுக்கும் நடுவே கடல், குறுகலான இடத்தில், பதினாலு கிலோமீட்டர்தான். திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் போகிற தூரம்கூட இல்லை. இவ்வளவு பக்கத்தில் ஒரு கண்டம் கிடக்கும்போது பார்க்காமல் திரும்பினால் ஊரில் என்ன சொல்வார்கள்? டாஞ்சியருக்கு டிக்கெட் போட்டேன்.

டாஞ்சியரில் 'கஃபே ஹாஃபா' என்று ஒரு கடை. 1921-லிருந்து இருக்கிறது. கடற்பாறையின் சரிவில் படிப்படியாகத் தளம் கட்டி, மேஜை போட்டிருக்கிறார்கள். எதிரே நீலமாக ஜிப்ரால்டர் ஜலசந்தி. வானம் தெளிவாக இருந்தால் அந்தப் பக்கம் ஸ்பெயின் தெரிகிறது. உட்கார்ந்ததுமே சர்வர் வந்து, ''அத்தாய்?'' என்றார்.

'எத்தாய்?' என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளையாக, பக்கத்து மேஜையில் பதில் இருந்தது. அங்கே டீக்குப் பெயரே அதுதான்!

வந்தது ஒரு நீளக் கண்ணாடி கிளாஸ். அதற்குள் ஒரு சின்னப் புதினாத் தோட்டம். இலையைக் காம்போடு திணித்து, மேலே பச்சைத் தேயிலைக் கஷாயத்தை ஊற்றியிருந்தார்கள். பால் மருந்துக்குக்கூடக் கிடையாது. சர்க்கரையோ... ஒரு வாய் குடித்ததும் மேல் உதடும் கீழ் உதடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன! வாசனைக்குத் தேனீக்கள் வேறு கிளாஸைச் சுற்றி வட்டமடித்தன. உள்ளூர்க்காரர்கள் அவற்றைச் சட்டையே செய்யாமல் குடிக்கிறார்கள். நான் ஒரு கையால் குடிப்பதும் மறு கையால் விரட்டுவதுமாகக் கதகளி ஆடினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாவது வாயில் அந்தக் கசப்பும் இனிப்பும் புதினாவின் காரமும் சேர்ந்து தொண்டைக்குள் ஜில்லென்று இறங்கியபோது, 'அட!' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

டாஞ்சியரில் இன்னொரு ஆசாமியையும் பார்க்க வேண்டியிருந்தது. இபின் பதூதா. 1304-ல் அந்த ஊரில் பிறந்து, இருபத்தோரு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, உலகம் சுற்றியவர். நம் மதுரைக்கும் வந்தவர். 1340-களில் மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுதீன் அவருக்குச் சகலை முறை. ஆமாம், அக்கா தங்கையைக் கட்டியவர்கள்! அப்போது மதுரையில் கொள்ளைநோய். பதூதாவுக்கும் கடுமையான காய்ச்சல். அவரே ஒரு ராத்தல் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிற்றாலே போய்ப் பிழைத்துக்கொண்டதாக எழுதி வைத்திருக்கிறார். சகலை வீட்டில் ரசமாவது வைத்துக் கொடுத்திருக்கலாம்.

சந்துக்குள் ஒரு சின்ன சமாதியை அவருடையது என்று காட்டுகிறார்கள். 'எங்க ஊர்ல புளித்தண்ணி குடிச்ச மனுஷா, உங்க ஊர்ல நான் புதினாத் தண்ணி குடிச்சுட்டு வந்தேன். கணக்கு நேர்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இதில் ஒரு வேடிக்கை. இன்றைக்கு மொராக்கோ என்றாலே இந்த டீதான். ஆனால் பாவம், பதூதா ஊரிலிருந்தபோது இது ஒரு மடக்குகூடக் குடித்திருக்க மாட்டார். அங்கே தேயிலை வந்ததே நானூறு வருஷம் கழித்துத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தூதர்கள் சுல்தான்களுக்குக் கொடுக்கும் சீதனங்களில் ஒன்றாக அரண்மனைக்குள் நுழைந்தது. சாமானியன் வீட்டுக்கு வந்தது இன்னும் தாமதம். 1853-ல் கிரிமியப் போர் மூண்டபோது பிரிட்டிஷ் வியாபாரிகளுக்குப் பால்டிக் பக்கம் சரக்கு விற்க வழியில்லாமல் போக, தேங்கிய தேயிலையை டாஞ்சியரிலும் மொகடாரிலும் இறக்கித் தள்ளினார்கள் என்பது சரித்திரம். எங்கேயோ யாரோ சண்டை போட, இங்கே ஒரு தேசமே டீக்கு அடிமையானது. தேயிலை சீனாவிலிருந்து. கெண்டிகூட அந்தக் காலத்தில் மான்செஸ்டரிலிருந்து வந்திறங்கியிருக்கிறது. புதினா ஒன்றுதான் சொந்தச் சரக்கு. ஆனால் மூன்றையும் கலந்து, 'இது எங்களுடையது' என்று அவர்கள் சொல்லும்போது மறுக்க முடியவில்லை.

அடுத்து ஃபெஸ். பழைய ஊருக்குள் ஆயிரக்கணக்கில் சந்துகள். கார் நுழையாது. கழுதைதான் லாரி, கழுதைதான் டெம்போ. பின்னாலிருந்து ஒருவர், ''பாலக்! பாலக்!'' என்று கத்திக்கொண்டே வந்தார். கீரைக்காரர் போலிருக்கிறது என்று சாவகாசமாகத் திரும்பினேன். கழுதை என்னைச் சுவரோடு சேர்த்துத் தேய்த்துவிட்டுப் போனது! 'பாலக்' என்றால் 'வழி விடு' என்று அர்த்தமாம். முதலிலேயே சொல்லக்கூடாதா?

தோல் பதனிடும் இடத்தை மாடியிலிருந்து பார்க்கலாம். கலர் கலராகத் தொட்டிகள். தோலை மிருதுவாக்கப் புறா எச்சம் சேர்க்கிறார்கள். நாற்றம் எப்படியிருக்கும் என்று எழுதினால் நீங்கள் பத்திரிகையைக் கீழே வைத்துவிடுவீர்கள். வாசலிலேயே ஒரு கொத்துப் புதினாவைக் கையில் கொடுத்து, 'மூக்கில் வைத்துக்கொள்' என்கிறார்கள். மொராக்கோவில் புதினாவுக்கு எத்தனை உத்தியோகம் பாருங்கள்!

அங்கிருந்து வெளியே வரும்போதுதான் மாட்டினேன். ஒரு கம்பளக் கடைக்காரர். ''இண்டியா? ஷாருக்கான்!'' என்று மார்பில் கை வைத்தார். பிறகு ஹிந்திப் பாட்டு ஒன்றை முழுசாகப் பாடினார். எனக்கு அதில் இரண்டாவது வரி தெரியாது. ''வாங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க. வாங்க வேணாம், சும்மா உட்காருங்க. மொராக்கோ விஸ்கி!'' என்று கண்ணடித்தார். புதினா டீயை 'விஸ்கி' என்று சொல்லிச் சிரிப்பது அவர்களுடைய தேசிய ஜோக். ஒரு வாரத்தில் ஒன்பது பேர் என்னிடம் சொன்னார்கள். ஒன்பது தடவையும் சிரித்தேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே!

முதல் கிளாஸ் வந்தது. ''முதல் கிளாஸ் வாழ்க்கை மாதிரி கசக்கும்'' என்றார். ஒரு கம்பளத்தை விரித்தார். இரண்டாவது கிளாஸ். ''இது காதல் மாதிரி.'' பத்துக் கம்பளம் விரிந்தது. மூன்றாவது கிளாஸ். ''இது மரணம் மாதிரி, இதமா இருக்கும்...'' உண்மைதான். என் பர்ஸ் இதமாக உயிரை விட்டது. 6,000 திர்ஹாமில் ஆரம்பித்து 1,800-ல் முடிந்தது. அப்போது ஒரு திர்ஹாம் சுமார் எட்டு ரூபாய். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், எனக்கு மனசு வரவில்லை.

ராத்திரி மனைவிக்கு வீடியோவில் காட்டினேன். இரண்டு நிமிஷம் மௌனம்.

''என்னங்க, நம்ம ஹாலே பத்துக்குப் பத்து. இதை எங்கே விரிக்கிறது?''

''சுவத்துல மாட்டலாம்மா...''

''டீக்குப் பில் கேட்டீங்களா?''

கட் பண்ணிவிட்டாள்.

அன்றைக்குச் சபதம் எடுத்தேன். இனி மொராக்கோவில் எவன் டீ கொடுத்தாலும் தொடமாட்டேன். 'லா, ஷுக்ரன்' (வேண்டாம், நன்றி) என்ற இரண்டு வார்த்தைகளைக் கண்ணாடி முன் நின்று உருப்போட்டேன்.

மராகேஷிலிருந்து தெற்கே அட்லஸ் மலையைத் தாண்டி, டிசி ந் டெஸ்ட் கணவாய் வழியாகத் தாரூதந்த் போவதாகத் திட்டம். வாடகைக் கார். டிரைவர் நாற்பது வயதுக்காரர். டூரிஸ்டுகளிடம் பழகி இங்கிலீஷ் கற்றவர். என்னை 'மெஸ்யே' என்றே கூப்பிடுவார். அஸ்னி என்ற ஊரில் ஒரு மளிகைக் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார்.

''மெஸ்யே, மலைக்குப் போறோம். ஒரு சர்க்கரை வாங்கிக்குங்க.''

கடையில் கூம்பு கூம்பாகச் சர்க்கரை அடுக்கியிருந்தது. நம் கல்யாணச் சீரில் பருப்புத் தேங்காய் வைப்பார்களே, அதே உருவம். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ இருக்கும். கல்யாணம், துக்கம், குழந்தை பிறந்த வீடு எங்கே போனாலும் இதைக் கையில் கொண்டுபோவது அங்கே வழக்கம். விலையும் அதிகமில்லை, நம்மூர் மல்ட்டிப்ளெக்ஸ் பாப்கார்னைவிட மலிவு. ஆனால் என் அக்கவுண்ட்ஸ் மூளை என்ன சொல்லும்? 'கமிஷன்!' என்றது.

''லா, ஷுக்ரன்'' என்றேன்.

டிரைவர் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்தப் பாதையை நான் வர்ணிக்கப் போவதில்லை. 2023 செப்டம்பர் 8-ம் தேதி ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அந்த மலையைப் பூகம்பம் உலுக்கியது. அதன் அளவெல்லாம் பேப்பரில் படித்ததுதான்: 6.8. இறந்தவர்கள் மூவாயிரத்தை நெருங்கினார்கள். டின்மெலில் பன்னிரண்டாம் நூற்றாண்டு மசூதி ஒன்று, எண்ணூறு வருஷத்துக்கு மேல் நின்றது, அந்த ராத்திரி இடிந்தது. நான் போனபோது ஏழு மாதம் ஆகியிருந்தது. சரிவுகளில் வீடு இருந்த இடத்தில் செம்மண் குவியல். பக்கத்தில் கூடாரங்கள். குவியலுக்குள்ளிருந்து பாதிக் கட்டில் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

இஜுகாக் தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுத்தால், அதிலும் காற்றில்லை. (டிரைவர்கள் எந்த தேசத்திலும் டிரைவர்கள்தான்.) போன் போட்டார். பஞ்சர் ஒட்டுகிறவர் மொபெட்டில் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள்.

மேலே கூடாரத்திலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். பழுப்பு நிறத்தில் தொளதொள ஜெல்லாபா. எழுபது வயதிருக்கும். டிரைவர் கையைத் தொட்டுவிட்டுத் தன் மார்பில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் அப்படியே. பிறகு ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை.

'அத்தாய்.'

''லா, ஷுக்ரன்'' என்றேன், சபதம் ஞாபகத்தில்.

மறுபடி சொன்னார், சிரித்துக்கொண்டே. மறுபடி 'லா, ஷுக்ரன்.' மூன்றாவது தடவையும் அதே. அப்போது என் வலது கை தானாகப் போய் பேன்ட் பாக்கெட்டில் பர்ஸைத் தொட்டுப் பார்த்ததை நான் கவனிக்கவில்லை. டிரைவர் கவனித்துவிட்டார். பெரியவரும்தான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காலடியில் தரையைப் பார்த்தார்.

டிரைவர் என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்:

''மெஸ்யே, உங்க ஊர்ல ஒருத்தர் வீட்டுக்குக் கூப்பிட்டா பர்ஸைத் தொட்டுப் பாப்பீங்களா?''

மதுரையில் எங்கள் அப்பா வீட்டில், தபால்காரர் முதல் கரண்ட் ரீடிங் எடுப்பவர் வரை யார் வந்தாலும் டம்ளரில் ஏதாவது கொடுக்காமல் அனுப்பியதில்லை. கடைசி வாரத்தில் அம்மா டிகாஷனில் தண்ணீர் கலப்பாள், ஆனால் கொடுப்பாள். அந்த வீட்டுப் பிள்ளை நான்! பதில் சொல்லாமல் மேலே ஏறினேன்.

கூடாரத்துக்குள் ஒரு பாய், ஒரு போர்வைக் குவியல், தலையிலேயே பர்னர் வைத்த குட்டி கேஸ் சிலிண்டர். அதன்மேல் கெட்டில். தட்டில் ஒரு வெள்ளிநிறக் கெண்டி. வயிற்றில் பெரிய நசுங்கல், மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் கோணியிருந்தது. பக்கத்தில் மூன்று கிளாஸ்கள். மூன்றும் மூன்று ஜாதி. பக்கத்துக் கூடாரத்திலிருந்து இன்னொருவர் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பெரியவர் டீ போட்டதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். மிளகு சைஸுக்குச் சுருண்ட சீனத் தேயிலை. ஆங்கிலத்தில் அதன் பெயரே 'கன்பவுடர்', வெடிமருந்து! உள்ளங்கையில் எடுத்துக் கெண்டியில் போட்டார். கொதிக்கிற வெந்நீர் கொஞ்சம் விட்டு, லேசாக அலசி, அந்தத் தண்ணீரை ஒரு கிளாஸில் ஊற்றித் தனியாக வைத்தார். ''அதுதான் டீயோட உயிர்'' என்றார் டிரைவர். மறுபடி வெந்நீர் விட்டுக் குலுக்கினார். இதைக் கொட்டிவிட்டார். ''இது அழுக்கு, கசப்பு.'' மூன்றாவதாகக் கெண்டி நிறைய வெந்நீர், அதோடு எடுத்துவைத்த 'உயிர்'. அப்படியே அடுப்பின்மேல்.

கொதி வந்ததும் புதினா. பிறகு ஓரத்திலிருந்த நீலக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். சர்க்கரைக் கூம்பின் அடிப்பாகம், கால் கிலோ இருக்கும். அவ்வளவுதான் மிச்சம். சின்னச் சுத்தியலால் தட்டி உடைத்து, பெரிய துண்டாகப் பார்த்து மூன்றைப் போட்டார். டிரைவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. அஸ்னி கடையில் அடுக்கியிருந்த கூம்புகள் என் கண்முன் வரிசையாக நின்றன.

ஸ்பூன் கிடையாது. ஒரு கிளாஸில் ஊற்றுவார், திரும்பக் கெண்டியில் கவிழ்ப்பார், மறுபடி ஊற்றுவார். அதுதான் கலக்கல். ஒரு வாய் ருசி பார்த்தார். பிறகு கெண்டியைத் தலைக்குமேல் தூக்கினார். கோணல் மூக்கிலிருந்து டீ பொன்நிறக் கயிறு மாதிரி இறங்கி, கிளாஸில் நுரை கட்டியது. தலைப்பாகை என்று சொல்கிறார்கள் அந்த நுரையை. கெண்டியின் மூக்கு கோணலென்பதால் அவர் தானும் கொஞ்சம் சாய்ந்து ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே விழவில்லை. எங்கள் டீ மாஸ்டரெல்லாம் கிட்ட நிற்க முடியாது!

''பிஸ்மில்லா'' என்று எனக்கு, டிரைவருக்கு, பக்கத்துக் கூடாரக்காரருக்குக் கொடுத்தார்.

டாஞ்சியர் டீ வேறு, இது வேறு. மலைப் புதினா, அடுப்புக் கொதி... நான் கண்ணை மூடி, ரசித்து ரசித்து, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தேன். விருந்தாளி அப்படிக் குடிப்பதுதானே மரியாதை? பெரியவர் கைகளை மடியில் வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். டிரைவர் என் காதருகே குனிந்தார்.

''சீக்கிரம் குடிங்க மெஸ்யே. அவர் குடிக்க ஒரு கிளாஸ் வேணும்.''

எனக்குப் புரை ஏறியது. மூன்றே கிளாஸ்! மிச்சத்தை ஒரே மடக்கில் விழுங்கிக் கிளாஸை வைத்தேன். அவர் அதை அலசி, தனக்கு ஊற்றிக்கொண்டு, முதல் வாய் குடித்தார். நுரை கட்டவில்லை. தனக்கு ஊற்றும்போது கெண்டியை உயர்த்தவில்லை.

பேச்சு ஓடியது. டிரைவர் அவரிடம் ஏதோ கேட்டார். பெரியவர் மண்குவியல் பக்கம் தலையசைத்து, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். டிரைவர் எனக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. கெண்டியைப் பற்றி மட்டும் சொன்னார். நாலாம் நாள் தோண்டும்போது கிடைத்ததாம்.

பஞ்சர் ஒட்டுகிறவர் வந்து சேர்ந்தார். அவருக்கும் டீ. கிளம்பும்போது நான் நூறு திர்ஹாம் நோட்டை மடித்துத் தட்டின் அடியில் வைக்கப் போனேன். டிரைவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

''காசு கொடுத்தா அவரை டீக்கடைக்காரர் ஆக்கிடுவீங்க.''

வண்டி கணவாயின் உச்சி, இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், ஏறும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அங்கே நிறுத்தி இறங்கியபோது அவராகவே சொன்னார்: ''சம்சாரம். ஒரு மருமகள். அதைத்தான் சொன்னார்.''

தாரூதந்தில் இரண்டு நாள். கோட்டைச்சுவர், ஆரஞ்சுத் தோட்டம் எல்லாம் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. திரும்புகிற நாள் காலையில் சந்தைக்குப் போய்ச் சர்க்கரைக் கூம்பு இரண்டு வாங்கினேன். பக்கத்துக் கடையில் பூப்போட்ட கிளாஸ்கள், ஆறு அடங்கிய செட். கையில் எடுத்தேன். டிரைவர் தலையாட்டினார்.

''சர்க்கரை எல்லாரும் எல்லாருக்கும் கொடுப்போம். கிளாஸ் வேணாம். உங்ககிட்ட இல்லேன்னு சொல்ற மாதிரி ஆயிடும்.''

கிளாஸைத் திருப்பி வைத்தேன். பில் கேட்கவில்லை.

கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. எனக்கு மராகேஷில் மாலை ரயில். கொடுத்துவிட்டு ஐந்தே நிமிஷத்தில் கிளம்புவதாக டிரைவரோடு ஒப்பந்தம். பெரியவர் கூம்புகளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஏதோ வாழ்த்தி, ஒன்றை ஓரமாக வைத்தார். இன்னொன்றின் நீலக் காகிதத்தை அங்கேயே பிரித்தார். சுத்தியலை எடுத்தார். சிலிண்டரைப் பற்றவைத்தார்.

டிரைவர் வாட்சைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

முதல் தண்ணீர், எடுத்து வைத்த உயிர், கொட்டிய கசப்பு, புதினா எல்லாம் மறுபடியும் வரிசைப்படி நடந்தன. பக்கத்துக் கூடாரக்காரரும் வந்துவிட்டார். கெண்டி தலைக்குமேல் போனது. முதல் கிளாஸ் எனக்கு.

இந்த முறை வாங்கிய சூட்டோடு, மடமடவென்று ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன். பெரியவர் என்னைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே அதே கிளாஸை நிரப்பி மறுபடி என் கையிலேயே கொடுத்துவிட்டார்!

ரயில் போய்விட்டது. நாக்கு பொத்துப்போனதில், மாட்ரிட் போய்ச் சேருகிற வரைக்கும் எதைச் சாப்பிட்டாலும் எனக்கு ருசியே தெரியவில்லை.